டவர் இல்லாத அறை

அந்த வீட்டில் 'டவர்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தது. எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற இரும்புக் கம்பமும் டவர். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "டவர் இருக்கா? எத்தனை கோடு காட்டுது?" என்று தேடுகிறார்களே, அதுவும் டவர். எல்லா வீட்டிலும் இப்படித்தான் பேசுகிறார்கள், இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. இந்த வீட்டில் மட்டும் அந்தச் சொல் ஓர் அறையையே கட்டவைத்துவிட்டது.

கட்டியவன் அந்த வீட்டு மருமகளின் கணவன். பெரிய கட்டடங்களில் ஏசிக் காற்று போவதற்காகக் கூரையை ஒட்டித் தகரக் குழாய்கள் ஓடும். அவற்றுக்கு டக்ட் என்று பெயர். தகரத்தை வெட்டி, மடித்து, அந்த டக்டுகளைச் செய்து பொருத்துவது அவன் தொழில். அவன் மடித்த மூலையில் ஊசிமுனைக் காற்றுகூடக் கசியாது என்பதால் பட்டறையில் எல்லோரும் அவனை 'மடிப்பு' என்றே கூப்பிடுவார்கள். நாளடைவில் பெற்ற தாயும் அதற்குப் பழகிவிட்டாள். கோபம் வந்தால், "எங்க அந்த மடிப்பு?" என்றுதான் கேட்பாள்.

டாக்டரம்மா அவளிடம், "வயித்துப் பிள்ளை நல்லா வளருது, காத்தாட நடங்க, வெயில் படுற மாதிரி உட்காருங்க" என்று சொல்லி அனுப்பிய அதே வாரத்தில்தான் எதிர் மாடியில் கம்பம் ஏறியது. மடிப்பு படுக்கையறை ஜன்னலில் நின்று அதைப் பார்த்தான். நடுவில் ஒரு குறுகலான தெரு, அவ்வளவுதான். பிறகு மனைவியின் வயிற்றைப் பார்த்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அதுல இருந்து வர்ற ரேடியேஷன் சுவரையெல்லாம் தாண்டி வருமாம்மா," என்றான்.

"உனக்கு யாருடா சொன்னது?" என்று மாமியார் கேட்டாள்.

"எல்லாரும் சொல்றாங்க."

"அந்த எல்லாரையும் ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா. எனக்கும் அவங்ககிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. பட்டறையிலிருந்து தகடுகளை ஏற்றிக்கொண்டு வந்தான். சுவர் நான்குக்கும் தகரம் அடித்தான். கூரைக்கு அடித்தான். கதவின் உள்பக்கம் அடித்தான். ஜன்னலைச் சட்டத்தோடு சேர்த்து மூடினான். கீழே வேறு வீடு இருக்கிறதே என்று தரையை மட்டும் விட்டுவைத்தான். மூச்சுவிட வேண்டுமே என்று மேல் மூலையில் ஒரு வளைந்த குழாயும் அதில் ஒரு சின்ன விசிறியும் வைத்தான். எல்லாம் முடிந்த பிறகும் அவனுக்கு ஆறவில்லை. தகட்டின் ஓரங்களை இரட்டையாக மடித்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தான். அவள் கை எங்கேயும் கீறிவிடக் கூடாது.

மாமியார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "பிஸ்கட் டப்பா மாதிரியே இருக்குடா. மேல ஒரு தேதி எழுதி ஒட்டிடு, எதுவரைக்கும் கெடாதுன்னு."

மடிப்பு கதவைச் சாத்திவிட்டுத் தன் போனை எடுத்தான். ஒரு கோடு மங்கலாகத் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. அவன் முகம் விரிந்தது. "பார்த்தியா? டவரே இல்ல! டவர் இல்லாத ரூம்! எந்தப் பணக்காரன் வீட்லயாவது இருக்கா சொல்லு?"

அவள் சிரித்தாள். வேறு என்ன செய்வது? அவ்வளவு வேலையும் அவளுக்காகத்தான். ஆனால் அவன் மூடியது அவளுடைய ஜன்னல். ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றுக்காக அவள் வீட்டிலிருந்தே சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பாள். மெஷின் அந்த ஜன்னலடியில்தான் இருந்தது. காலையில் வெளிச்சம் நேராக ஊசியின்மேல் விழும். பத்து காலர் முடித்துத் தலையைத் தூக்கினால் வானம் தெரியும், கீழே தெருவில் யாராவது யாரோடாவது சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது அதே இடத்தில் குழல்விளக்கின் நீலம் தகரத்தில் பட்டுப் பட்டுத் திரும்பியது. பிள்ளை பிறக்கும்வரை முடிந்த மட்டும் அறையைவிட்டு வெளியே வரக் கூடாது என்று அவன் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டரம்மா நடக்கச் சொன்னாங்களே," என்று ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உள்ளயே நடம்மா. சுவத்துக்குச் சுவர் நட. யார் வேண்டாம்னா?"

அதற்குமேல் அவள் பேசவில்லை. அவளுக்கு மாமியார் வைத்திருந்த பெயர் வாயில்லாப்பூச்சி. திட்டுகிற பெயர் இல்லை. "எனக்கு வாய்ச்ச வாயில்லாப்பூச்சி" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பெயர்தான். பெயருக்குத் தகுந்தபடி அவள் தகரத்தின் மடித்த ஓரத்தை விரலால் வருடிக்கொண்டு சும்மா இருந்தாள். மூச்சு முட்டியது. சொன்னால் அவன் முகம் என்ன ஆகும் என்று நினைத்ததும் முட்டிய மூச்சையும் அடக்கிக்கொண்டாள்.

தன் வேலையின் நேர்த்தியைத் தானே பார்க்க வேண்டும் என்று மடிப்புக்கு ஆசை வந்தது. ஒருநாள் ஒரு மீட்டர் வாங்கி வந்தான். சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி. முகப்பில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. சுற்றிலும் அலை கூடினால் விளக்கு மேலே ஏறும், கூடவே டிக் டிக் என்று ஒரு சத்தமும் வேகம் பிடிக்கும். மாடிப்படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் கம்பத்தைப் பார்த்தபடி இருந்தது. அங்கே வைத்தான். டிக் டிக் டிக். பச்சை முழுக்க எரிந்து, மஞ்சள் எட்டிப் பார்த்தது. அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தினான். ஒரு விளக்கும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. அவனுடைய போனும் அவளுடைய போனும் அப்போது சார்ஜில், கூடத்தில் இருந்தன. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

செய்தி படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போனது. அங்கே இரட்டைக் குழந்தைகள், நடக்கப் பழகுகிற வயது. அவர்களுடைய அம்மா ஏறி வந்து தகரச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "அண்ணே, எங்க பிள்ளைங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே," என்றாள். காதுக்கும் தோளுக்கும் நடுவில் அவளுடைய போன் அப்போதும் இருந்தது. மறுமுனையில் யாரோ காத்திருந்தார்கள்.

"ஞாயித்துக்கிழமை அளவெடுக்க வர்றேன்மா," என்றான் மடிப்பு. அவன் தோள் இரண்டு அங்குலம் அகலமாகிவிட்டிருந்தது.

அடுத்த நாள் மதியம் மடிப்பின் மனைவிக்கு அவளுடைய தங்கையிடமிருந்து போன் வந்தது. தங்கை வேறு ஊரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். சாப்பாட்டு வேளையில் தினமும் அக்காவுக்குப் பேசுவாள். தகர அறையில் உட்கார்ந்து அவள் போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா... என்ன... கிணத்துக்குள்ள உட்கார்ந்தா பேசுற?"

"டவர் இல்லடி."

"எதிர்லயே டவர் இருக்குன்னு சொன்ன?"

"அது வேற டவர்."

"டவர்ல என்னக்கா வேற டவர்? ...கேக்குதா? இரு, இங்க பல்லு ராவுற மிஷினைப் போட்டுட்டாங்க. அது ஓடுறப்ப நான் கத்தித்தான் பேசணும். அக்கா! கேக்குதா!"

அப்போதுதான் அலமாரிமேல் மடிப்பு வைத்துவிட்டுப் போயிருந்த மீட்டர் அலறியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் உச்சிவரை எரிந்தன. டிக் டிக் என்பதே இல்லை, ஒரே இழுப்பாகக் கீச்சென்று கத்தியது. எதிர் மாடிக் கம்பம் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது என்றே நினைத்தாள். போனை அணைத்துக் கட்டிலில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

மீட்டர் அடங்கியது. விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கிக் கடைசிப் பச்சையும் அணைந்தது.

வந்தது எங்கே போனது? கதவு திறக்கவில்லை, கம்பம் அங்கேயேதான் நிற்கிறது. அவள் கட்டிலில் கிடந்த போனைப் பார்த்தாள். மெல்ல எடுத்து மறுபடி தங்கையைக் கூப்பிட்டாள். முதல் மணி அடிப்பதற்கு முன்பே சிவப்பு. துண்டித்தாள். இருட்டு. மறுபடி கூப்பிட்டாள். சிவப்பு.

"என்னக்கா, விளையாடுறியா?" என்றாள் தங்கை. பின்னால் பல் ராவுகிற மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கத்தலைக் கேட்டபடியே அவள் தன் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அது சூடாக இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி.

இதுவும் கத்துகிறது. அவளுக்குச் சட்டென்று உறைத்தது. இதுவும் தங்கை மாதிரிதான். எதிரில் இருப்பவருக்குக் கேட்காது என்று பயந்து உயிரைக் கொடுத்துக் கத்துகிறது.

தகர அறை அவளுக்கு அந்த நிமிடத்தில் வேறொன்றாகிவிட்டது. துண்டிக்காமல் பேசிக்கொண்டே இருக்கும்படி தங்கையைக் கெஞ்சிவிட்டு, போனைக் கட்டிலில் வைத்து, மீட்டரை அறைக்குள் மெல்ல நகர்த்தினாள். சிவப்பு. இரண்டு விரற்கடை தள்ளினாள். பச்சைக்கு இறங்கியது. இன்னும் இரண்டு விரற்கடை. மறுபடி சிவப்பு. ஒரு கை தூரத்துக்குள் சீப்பின் பற்கள் மாதிரி உயர்வும் பள்ளமும் மாறி மாறி வந்தன. போனிலிருந்து கிளம்பிய அலை தகரத்தில் மோதித் திரும்பி, திரும்பியது வந்துகொண்டிருப்பதோடு மோதி, அறை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத படிக்கட்டு ஒன்றைக் கட்டியிருந்தது. அவள் இத்தனை நாள் அந்தப் படிகளுக்கு நடுவில் நடந்திருக்கிறாள், படுத்திருக்கிறாள். ஒரு படிகூடக் காலில் தட்டுப்படவில்லை. பயப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவளுக்குப் புல்லரித்தது.

மறுநாள் மாமியார் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன நேரம் பார்த்து, மீட்டரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பூனை மாதிரி வெளியே வந்தாள். முதலில் மாடிப்படி ஜன்னல். கம்பம் கண்ணெதிரே நின்றது. பச்சையும், அவ்வப்போது மஞ்சளும். அங்கே நின்று தங்கையைக் கூப்பிட்டாள். ஒரு விளக்கு துள்ளிவிட்டு உடனே பழைய இடத்துக்கே இறங்கியது.

"அக்கா! இன்னைக்கு என்ன பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி கேக்குது!"

மீட்டரைப் போனோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். நேற்று அலறிய போன் இன்று கிசுகிசுத்தது. கூப்பிடு தூரத்தில் கம்பம் இருந்தால் அதற்குக் கத்த வேண்டிய தேவையே இல்லை.

அதன்பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மொட்டை மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் பின்னால் போய் நின்றாள். மீட்டர் ஏறக்குறைய உறங்கிவிட்டது. ஓர் அடி வெளியே வந்தாள், விழித்துக்கொண்டது. கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால் பிடித்தாள், அப்படியே எரிந்தது. பிழிந்து போட்ட ஈரப் போர்வைக்குப் பின்னால் பிடித்தாள், ஒரு விளக்கு குறைந்தது. நீருக்கு அந்த அலையை உறிஞ்சத் தெரிந்திருந்தது. கண்ணாடி பதித்த இரும்பு பீரோவின் முன்னால் ஏறியது, பின்னால் இறங்கியது. லிஃப்டில் இறங்கும்போது ஒருவர் போனில் பேசிக்கொண்டே ஏறினார். கதவு மூடியதும் அவள் பைக்குள் மீட்டர் படபடவென்று அடித்துக்கொண்டது.

"பையில என்னம்மா, குருவியா?" என்றார் அவர்.

அவள் தலையாட்டினாள். வேறு என்ன சொல்வது? குருவிதான். எங்கே என்ன நிறைந்திருக்கிறது என்று சொல்கிற குருவி.

எல்லாவற்றையும்விட அவளை உலுக்கியது கடைசியாகப் பார்த்ததுதான். மறுபடி மொட்டை மாடிக்கு ஏறி, கம்பத்துக்கு முகம் காட்டி நின்று, மீட்டரை வயிற்றுக்கு முன்னால் பிடித்தாள். பச்சைகளும் ஒரு மஞ்சளும். அப்படியே திரும்பிக் கம்பத்துக்கு முதுகு காட்டினாள். மீட்டர் அதே கையில், அதே வயிற்றுக்கு முன்னால். மஞ்சள் போனது. பச்சைகள் ஒன்றிரண்டு போயின. நடுவில் இருந்தது அவள் உடம்பு மட்டும்தான். ஈரப் போர்வை மாதிரி, தண்ணீர்த் தொட்டி மாதிரி, அவளும் ஒரு சுவர். அந்தச் சுவருக்கும் உள்ளே, இன்னும் ஆழத்தில், தன் சொந்தத் தண்ணீரில் பிள்ளை மிதந்துகொண்டிருக்கிறது. அதைச் சுற்றி அவள், அவளைச் சுற்றிக் காற்று, காற்று முழுக்க யார் யாரோ யார் யாரிடமோ பேசுகிற பேச்சு. கடன் கேட்கிறவனின் குரலும், வீட்டுக்கு வருகிற நேரத்தைச் சொல்கிறவளின் குரலும், பொய்யும், கொஞ்சலும் எல்லாம் இந்த ஈரத்துணிக் கொடியைத் தாண்டித்தான் போகின்றன. தகரத்தில் மோதித் திரும்புகின்றன, தொட்டியில் அடங்குகின்றன, அவள் தோளில் தேய்ந்துபோகின்றன. அவள் கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இதனால் கெடுதல் உண்டா, இல்லையா, உண்டென்றால் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. இந்த உலகம் இவ்வளவு நிறைந்தது என்று மட்டும் தெரிந்துவிட்டது.

"என்னடி, பேய் ஓட்டுறியா?"

மாமியார் ஈரத்தலையோடு படியேறி வந்து நின்றாள். அவள் திடுக்கிட்டு மீட்டரை மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. "எங்க, நான் பேசுறப்ப வை," என்று தன் போனை எடுத்துத் தன் தங்கச்சியைக் கூப்பிட்டாள். மாமியார் போன் பேசுவதே ஒரு காட்சி. போனைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, அதன் முகத்தைப் பார்த்தபடி ஊருக்கே கேட்கப் பேசுவாள். மீட்டரைப் போனருகே வைத்தால் விளக்கு ஏறியது, மாமியாரின் தலையருகே கொண்டுபோனால் பழைய பச்சைக்கே இறங்கியது.

"அத்தை, இந்த வீட்லயே ஒழுங்கா போன் பேசுறது நீங்கதான்."

"நான் யாரையும் கிட்ட சேர்க்க மாட்டேன்டி. உன்னைச் சேர்த்ததே பெரிசு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதை அவன்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதும் மாமியாருக்குத் தெரியாது. சொன்னால் அவன் என்ன செய்வான் என்று அவள் யோசித்து வைத்திருந்தாள். போனை வெளியே வை, நீ உள்ளே இரு என்பான். ஒரே பேச்சில் தங்கையின் குரலும் போய்விடும். அப்புறம் தகரமும் அவளும்தான். பேசாமல் இருந்தால், மாடிப்படியில் கள்ளத்தனமாக நின்றாவது நாளைத் தள்ளிவிடலாம். ஆனால் மறுநாள் ஞாயிறு, அவன் கீழே அளவெடுக்கப் போகிற நாள். கீழ்வீட்டு அம்மா இரண்டு குழந்தைகளையும் இரண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு, தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசப்போகிறாள். அந்தப் போன் இரண்டு சின்னத் தலைகளுக்கு நடுவில் கத்தப்போகிறது.

ஞாயிறு காலை மடிப்பு அளவுநாடாவை இழுத்துப் பார்த்தபடி கிளம்பினான்.

"என்னங்க."

"ம்?"

"கீழ அளவெடுக்கப் போகாதீங்க."

வாயில்லாப்பூச்சி பேசியதில் அவன் கை நழுவி, நாடா சர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் ஓடியது. அவள் அவன் சட்டைக்கையைப் பிடித்துத் தகர அறைக்குள் அழைத்துப் போனாள். கதவைச் சாத்துவதற்கு முன், "அத்தை, இவருக்கு ஒரு போன் போடுங்க," என்றாள்.

போன் அவன் சட்டைப்பையில் அடித்தது. மீட்டர் சிவப்பில் அலறியது.

"மீட்டர் போச்சு," என்றான். "மலிவா வாங்கினா இப்படித்தான்."

"எடுத்துப் பேசுங்க. அப்படியே கதவைத் திறங்க."

திறந்தான். சிவப்பு விழுந்தது, மஞ்சள் விழுந்தது, பச்சையில் நின்றது. மூடினான். ஏறியது. திறந்தான். இறங்கியது. கூடத்தில் மாமியார் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, "டேய், கதவை உடைச்சிடாத, அதுக்கும் தகரம் அடிச்சிருக்க!" என்று கத்தினாள். அது நேரிலும் கேட்டது, போனிலும் கேட்டது.

"கதவைத் திறந்தா வெளிய இருக்கிறது உள்ள வரணும்," என்றான் அவன். "அப்போ ஏறணும்ல? ஏன் இறங்குது?"

"டக்ட்டுக்குள்ள ஒரு ஃபேனை வச்சு, ரெண்டு பக்கமும் மூடி, ஓட விட்டா என்னங்க ஆகும்?"

"யாராவது அப்படிச் செய்வாங்களா? மோட்டார் அலறும். சூடேறும். காத்து போக வழியில்லாம உள்ளயே முட்டி முட்டி..."

வாக்கியம் முடியவில்லை. அவன் தன் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"இந்த ரூம்ல டவர் இல்லன்னு நாம சந்தோஷப்பட்டோம்," என்றாள். "போனுக்கு டவர் வேணும்ங்க. கிடைக்கலன்னா அது விடாது, கத்தும். எதிர்லயே கம்பம் தெரிஞ்சா கிசுகிசுன்னு பேசிட்டுப் போயிடும். டவர் இல்லாத இடத்துலதான் அது நம்ம காதுல ரொம்பக் கத்துது."

மடிப்பு அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு, போனைத் துண்டிக்காமலே தனியாக உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொண்டான். மாமியாரும் அவளும் கூடத்தில் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து மீட்டரின் சத்தம் வந்தது. அலறியது, அடங்கியது, அலறியது. சுவரோரமாகப் போனது, மூலைக்குப் போனது, கீழே உட்கார்ந்தது, மேலே ஏறியது. சுவரின் ஒவ்வொரு மடிப்பையும் அவன் விசாரிக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"அழுறானா?" என்று மாமியார் அவள் காதில் கிசுகிசுத்தாள்.

வெளியே வந்தபோது அவன் முகத்தில் தோற்றவனின் களை இல்லை. கண்கள் அகன்றிருந்தன. "ஒரு இடத்துல சத்தமே இல்ல," என்றான். "ரெண்டு விரல் தள்ளினா கூரை பிச்சுக்குது. மூலைக்கு மூலை வேற மாதிரி. நான் பண்ணின பெட்டி, எனக்கே தெரியாம உள்ள என்னென்னமோ பண்ணுது." பிறகு அவள் பயந்ததையே சொன்னான். "சரி. அப்போ இனிமே போன் எல்லாம் வெளிய. நீ உள்ள இரு. அவ்வளவுதான?"

மாமியார் வாயைத் திறந்தாள். ஆனால் அவளுக்கு முன்னால் வாயில்லாப்பூச்சி பேசிவிட்டாள்.

"எனக்கு என் ஜன்னல் வேணும்."

"அது உனக்காகத்தானே..."

"தெரியும்ங்க. என் கை கீறக் கூடாதுன்னு ஓரத்தையெல்லாம் மடிச்சீங்க. தினமும் அதைத் தொட்டுப் பார்த்துக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கேன். ஆனா உள்ள எனக்கு மூச்சு முட்டுது. வானம் தெரியல. வெயில் படல. ஊசிக் கண் தெரியல. இதுக்குள்ள இருந்து ஒரு பிள்ளையைப் பெத்து எடுக்கச் சொன்னா எனக்குப் பயமா இருக்கு."

அவ்வளவு நீளமாக அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. மடிப்பு சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "கம்பம் எதிர்லயே இருக்கேம்மா," என்றான்.

"பிரிச்சுட்டு அளந்து பார்ப்போம். அப்புறம் நீங்களே சொல்லுங்க."

அவன் சுத்தியலை எடுத்து வந்தான். ஜன்னலை மூடிய தகட்டின் ஆணிகளைக் கழற்றினான். தகடு இறங்கியதும் அறைக்குள் வெளிச்சம் கொட்டியது, சுவர்த் தகரமெல்லாம் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டதுபோல் மின்னியது. தெருவிலிருந்து ஒரு சண்டையின் நடுப்பகுதி உள்ளே வந்தது. மடிப்பு போனை அணைத்துவிட்டு மீட்டரை ஜன்னலில் வைத்தான். பச்சை. எப்போதாவது ஒரு மஞ்சள்.

"நேத்து நீங்க படுக்க வந்தப்ப உங்க சட்டைப்பையில போன் இருந்துச்சு," என்றாள். "அது டவர் தேடித் தேடி, தூக்கத்துலயே நாலஞ்சு தடவை சிவப்பு வரைக்கும் போச்சு. என் தலைமாட்டுல."

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "ஆனா இது சைபர் இல்லையே."

"சைபர் எங்கயும் இல்லங்க. தேடிப் பார்த்துட்டேன். தொட்டிக்குப் பின்னாடி, பீரோவுக்குப் பின்னாடி, லிஃப்ட்ல, படிக்கட்டுல. எங்க போனாலும் கொஞ்சம் இருக்கு. எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க. நாமளும் அதுக்குள்ளதான் இருக்கோம்."

"கீழ்வீட்ல என்னன்னு போய்ச் சொல்றது?"

"மடிப்புக் கலைஞ்சிடுச்சுன்னு சொல்லு," என்றாள் மாமியார். "போனைப் பிள்ளைங்க தலைகிட்ட கொண்டுபோகாம, ஜன்னலோரமா நின்னு, தூரமா வச்சுப் பேசச் சொல்லு. என்னை மாதிரி. கத்தணும்னா நாம கத்துவோம், அது கத்த வேண்டாம்."

மடிப்பு மீட்டரை அவள் வயிற்றுக்கு முன்னால் பிடித்து, கம்பத்தைப் பார்த்தான். என்ன தோன்றியதோ, ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். மீட்டர் இரண்டு விளக்கு இறங்கியது. அவன் விலகினான், ஏறியது. மறுபடி நின்றான், இறங்கியது. தன் மார்பைக் குனிந்து பார்த்தான். தொட்டுப் பார்த்தான். தகரத்தையே நம்பி வாழ்ந்த மனிதன், வெறும் சதையைத் தொட்டுக்கொண்டு வியந்து நின்றான்.

"அப்போ நான் நின்னாலே போதுமா?" என்றான்.

"நீங்க அங்க நின்னா எனக்கு வெளிச்சம் வராது," என்றாள் அவள். "நகருங்க."

அவன் நகர்ந்தான். பாதிதான். ஜன்னலில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மறுபாதியில் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். அவள் மெஷினை இழுத்து வெளிச்சத்தில் போட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.